அடிபட்ட நெஞ்சுக்கு ஓர் அவசர எக்கோ

தொப்பூர் கணவாயை ஒருமுறையாவது இறங்கியவர்களுக்கு இந்த வாரத் தலைப்பை விளக்க வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் சிமென்ட் லாரி ஒன்று முன்னால் நின்ற வண்டிகள்மேல் வரிசையாக மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் அதே இறக்கம், மறுபடியும் நான்கு உயிர். விபத்து என்றதும் தலைக்காயத்தைப் பேசுகிறோம், கால் முறிவைப் பேசுகிறோம். நெஞ்சில் பட்ட அடி மட்டும் ‘வலிக்குது, சரியாயிடும்’ என்ற பட்டியலில் போய்விடுகிறது. அது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த வாரம் பதில்.

ஸ்டியரிங் நெஞ்சில் இடித்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்?
– லாரி ஓட்டுநர், நல்லம்பள்ளி

எலும்புக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். எக்ஸ்ரே இதயத்தின் நிழலைக் காட்டும். அதன் தசை கன்றிப்போயிருக்கிறதா என்று சொல்லாது. நெஞ்செலும்புக்கு நேர் பின்னால் இருப்பது இதயத்தின் வலது கீழறை. ஸ்டியரிங் இடித்தாலும் பைக் ஹேண்டில்பார் இடித்தாலும் முதலில் நசுங்குவது அதுதான். தோலில் ஒரு கீறல் இல்லாமலேயே இது நடக்கலாம்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு: ஈ.சி.ஜி., ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை. இரண்டும் சரியாக இருந்தால் பெரிய இதயக் காயம் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். ஈ.சி.ஜி.யில் புதிய கோளாறு தெரிந்தால் படுக்கையில் சேர்த்து, மானிட்டர் மாட்டிக் கவனிக்க வேண்டும். பிரஷர் இறங்கினாலோ, துடிப்பு தாறுமாறாகி அப்படியே நீடித்தாலோ எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தாக வேண்டும். நெஞ்செலும்பு முறிந்தவர்களுக்கும் ஓர் ஆறுதல்: எலும்பு முறிந்ததாலேயே இதயமும் அடிபட்டிருக்கும் என்று பொருளில்லை. அவர்களுக்கும் இதே இரண்டு பரிசோதனைகள்தான் வழிகாட்டி.

எதற்கு இத்தனை படி? விபத்தில் வருகிற எல்லாருக்கும் முதலிலேயே எக்கோ எடுத்துவிட்டால் தீர்ந்ததே!
– ஆசிரியை, பென்னாகரம்

எக்கோவில் இரண்டு உண்டு, டீச்சர். பலமாக அடிபட்டு வருகிறவருக்கு கேசுவாலிட்டி டாக்டர் படுக்கை ஓரத்திலேயே ஒரு நிமிடம் எக்கோ மெஷினின் ப்ரோபை உடம்பில் வைத்துப் பார்ப்பது ஒன்று. அதை எல்லாருக்கும் செய்யலாம், செய்ய வேண்டும். இதய நிபுணர் உட்கார்ந்து, வால்வு வால்வாக, அறை அறையாக அளந்து பார்ப்பது இன்னொன்று. இதை எல்லாருக்கும் செய்யச் சொன்னால், தேவையே இல்லாதவர்கள் வரிசையில் நிற்பார்கள். தேவைப்படுகிறவர் அந்த வரிசையின் கடைசியில் இருப்பார். அமெரிக்காவின் கிழக்குப் பகுதி விபத்து அறுவை மருத்துவர்கள் சங்கம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது: முழு எக்கோ என்பது பிரஷர் நிலைகொள்ளாதவர்களுக்கும், துடிப்புக் கோளாறு விடாதவர்களுக்கும்.

அந்த ஒரு நிமிடத்தில் அப்படி என்னதான் தெரியும்?
– செவிலியர் மாணவி, தருமபுரி

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரியும்: இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருக்கிறதா?

ப்ரோபை நெஞ்செலும்பின் கீழ்முனைக்கு அடியில், மேல் வயிற்றில் படுக்கவைத்து, இடது தோளை நோக்கிச் சாய்த்துப் பாருங்கள். கல்லீரலுக்குப் பின்னால் இதயம் துடிப்பது தெரியும். அதைச் சுற்றி ஒரு கருப்புப் பட்டை இருந்தால் அது திரவம். அடிபட்டு வந்தவரிடம் அது ரத்தம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கூடவே கல்லீரல் ஓரம், மண்ணீரல் ஓரம், அடிவயிறு என மூன்று இடங்களிலும் பார்ப்பார்கள். இப்போது நுரையீரலையும் சேர்த்துவிட்டார்கள். இதற்கு ‘ஃபாஸ்ட்’ என்று பெயர். உங்கள் வார்டில் டாக்டர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

இந்தக் கருப்புப் பட்டைக்கு ஏன் இத்தனை பதற்றம்? இதயம் ஓர் உறைக்குள் இருக்கிறது. சாதாரணமாக அந்த உறைக்குள் 15 முதல் 50 மில்லி திரவம் இருக்கும். அந்த உறை புதுச் சணல் சாக்கு மாதிரி: நாள்பட நாள்பட நெகிழ்ந்து கொடுக்கும், திடீரென்று திணித்தால் கொடுக்காது. காசநோயில் மெல்ல மெல்ல நீர் சேர்ந்தால் ஒரு லிட்டரைக்கூடத் தாங்கிவிடுகிற அதே உறை, விபத்தில் மளமளவென்று 150, 200 மில்லி ரத்தம் இறங்கினாலே இதயத்தை நெரித்துவிடும். இதயம் விரிய இடமில்லை. விரிந்தால்தானே ரத்தம் உள்ளே வரும்? வராதபோது வெளியே அனுப்பவும் ஒன்றும் இருக்காது. இதைத்தான் டாம்போனேட் என்கிறோம். எக்கோவில் வலது அறைகள் விரிய வேண்டிய நேரத்தில் உள்ளே மடங்குவதும், அடிவயிற்றிலிருந்து வரும் பெருஞ்சிரை மூச்சுக்கு ஏற்பச் சுருங்காமல் புடைத்தே நிற்பதும் தெரியும்.

கிளாட் பெக் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1935-லேயே இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: பிரஷர் இறங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், இதய ஒலி மங்கும். பரீட்சைக்கு இதை எழுதுங்கள், மார்க் உண்டு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, சொந்தக்காரர்கள் கதறிக்கொண்டிருக்கும் கேசுவாலிட்டியில் இதய ஒலி மங்கியிருக்கிறதா என்று ஸ்டெதஸ்கோப்பில் எப்படிக் கேட்பீர்கள்? நிறைய ரத்தம் இழந்தவருக்குக் கழுத்து நரம்பு புடைக்கவும் செய்யாது. மூன்றும் சேர்ந்து தெரியட்டும் என்று காத்திருந்தால் நோயாளி காத்திருக்க மாட்டார். அதனால்தான் ப்ரோபைக் கையில் எடுங்கள் என்று மன்றாடுகிறேன்.

இது நிஜமாகவே உயிரைக் காப்பாற்றியதாக ஆதாரம் உண்டா, அல்லது மெஷின் விற்கிறவர்கள் சொல்வதா?
– வங்கி ஊழியர் (ஓய்வு), அரூர்

கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரின் ஹென்னபின் கவுண்டி மருத்துவமனை டாக்டர்கள், குத்துப்பட்டும் சுடப்பட்டும் இதயம் காயமடைந்த 49 பேரின் கணக்கை 1992-ல் வெளியிட்டார்கள். கேசுவாலிட்டியிலேயே எக்கோ பார்க்கப்பட்ட 28 பேரும் பிழைத்தார்கள். பார்க்கப்படாத 21 பேரில் பிழைத்தவர்கள் 57 சதவீதம். காயத்தைக் கண்டுபிடிக்க எக்கோ இருந்தபோது சுமார் 15 நிமிடம், இல்லாதபோது சுமார் 42 நிமிடம். சின்ன ஆய்வுதான், பழைய கேஸ் தாள்களைப் புரட்டிச் செய்ததுதான். எக்கோ மட்டுமே அத்தனை பேரையும் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 27 நிமிட வித்தியாசம் என்னவென்று, இதய உறைக்குள் ரத்தம் இறங்குவதைத் திரையில் பார்த்த எவருக்கும் விளக்க வேண்டாம்.

1999-ல் கிரேஸ் ரோசிக்கியும் மற்ற அறுவை மருத்துவர்களும் ஐந்து பெரிய விபத்து மையங்களில் 261 பேரைப் பார்த்தார்கள். உறைக்குள் ரத்தம் இருந்த 29 பேரில் ஒருவரையும் ஸ்கேன் தவறவிடவில்லை. ப்ரோப் பிடித்தவர்கள் நான்கு மையங்களில் அறுவை மருத்துவர்கள் அல்லது இதய மருத்துவர்கள், ஒன்றில் டெக்னீஷியன்கள். ரத்தம் கண்டவர்கள் சராசரியாக 12 நிமிடத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனார்கள்.

ரத்தம் தெரிந்துவிட்டது. ஊசி போட்டு உறிஞ்சிவிட்டால் முடிந்ததா?
– மருந்துக் கடைக்காரர், பாலக்கோடு

முடியாது. சேர்ந்த ரத்தம் பெரும்பாலும் கட்டிப்போயிருக்கும், ஊசிக்குள் வராது. வந்தாலும் ஓட்டை அப்படியேதானே இருக்கிறது? தைக்க வேண்டும். நெஞ்சைத் திறக்கும் அறுவை மருத்துவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால், எக்கோவில் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தி 20, 30 மில்லி வெளியே எடுப்பதுகூட பிரஷரைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடிக்கும். சேலம் போய்ச் சேருகிற அவகாசத்தைத் தரலாம். அவ்வளவுதான் அதன் வேலை.

அதுவரை ரத்தமும் ட்ரிப்ஸும் ஏற்றி இதயத்தை நிரப்பி வைக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்து வென்டிலேட்டர் குழாய் போடுவதில் அவசரம் கூடாது. நெரிபட்ட இதயம் மிச்சமிருக்கும் கொஞ்ச ரத்த வரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வென்டிலேட்டர் நெஞ்சுக்குள் காற்றை அழுத்தினால் அந்த வரத்தும் குறைந்து, அந்த நிமிடமே துடிப்பு நிற்கலாம். முடிந்தவரை ஆபரேஷன் டேபிளில், கத்தி கையில் தயாராக இருக்கும்போதுதான் மயக்கம் கொடுப்பார்கள்.

தருமபுரியிலிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை ஏறக்குறைய 65 கிலோமீட்டர். பெங்களூர் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். இந்தத் தூரம்தான் இங்கே எக்கோவின் அருமையைக் கூட்டுகிறது. தருமபுரி கேசுவாலிட்டியில் ரத்தம் தெரிந்துவிட்டால், ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே சேலத்துக்குப் போன் போட்டுத் தியேட்டரைத் தயாராக்கச் சொல்லலாம். தெரியாமல் அனுப்பினால் முழு விசாரணையும் அங்கே போய் முதலிலிருந்து தொடங்கும்.

நெஞ்சில் கத்தி செருகியபடியே நிற்கிறது. பிடுங்கலாமா?
– கல்லூரி மாணவர், காரிமங்கலம்

தொடாதீர்கள். அந்தக் கத்திதான் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம். ஆடாமல் துணி அண்டைகொடுத்து 108-ல் ஏற்றுங்கள்.

தடங்கம் ஜல்லிக்கட்டுக்கு வருஷா வருஷம் போகிறேன். மாடு முட்டியவருக்குச் சின்னத் துளைதானே, தையல் போட்டால் போதாதா?
– மாடு வளர்ப்பவர், தருமபுரி

துளை சின்னது, வழி நீளம். காளை கொம்பை நுழைத்ததோடு நிற்காது, தலையைத் தூக்கும். வயிற்றின் மேல்பகுதியில் நுழைந்த கொம்பு உதரவிதானத்தைக் கிழித்துக்கொண்டு இதயம் வரை போகலாம். கழுத்துக் குழியிலிருந்து விலா முடிவு வரை, இரண்டு மார்புக் காம்புகளுக்கு நடுவே எங்கே குத்துப்பட்டாலும் இதயம் பட்டிருக்கிறது என்று நினைத்துத்தான் டாக்டர் தொடங்குவார். மேல் வயிற்றுக் குத்தையும் அதே கண்ணோடு பாருங்கள்.

இங்கே எக்கோ ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கொம்போ கத்தியோ இதய உறையையும் கிழித்துவிட்டால், ரத்தம் உறைக்குள் தங்காமல் இடது நெஞ்சறைக்குள் வடிந்துவிடும். திரையில் இதயத்தைச் சுற்றிச் சுத்தமாகத் தெரியும். நோயாளியோ வெளிறிக்கொண்டே போவார். அதனால் இடது பக்கம் நெஞ்சில் ரத்தம் நிறைந்திருந்தால், ‘எக்கோ நார்மல்’ என்ற ஒரு வரியை நம்பி உட்காரக் கூடாது. குழாய் வைத்து அந்த ரத்தத்தை வடித்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். சந்தேகம் நீங்கவில்லையென்றால் அறுவை மருத்துவர் உறையைத் திறந்தே பார்த்துவிட வேண்டும்.

இதயத்தை ஒலியால் பார்க்கும் யோசனை முதலில் யாருக்கு வந்தது?
– பிளஸ் டூ மாணவி, மொரப்பூர்

ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவருக்கும், ஹெல்முட் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளருக்கும். மால்மோ துறைமுகத்தில் கப்பல் கட்டும் ஆலையில் இரும்புத் தகட்டில் விரிசல் தேடும் கருவி ஒன்று இருந்தது. ஹெர்ட்ஸ் அதைத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். துடிப்புக்கு ஏற்ப ஒரு கோடு ஆடியது. 1953 அக்டோபரில் இருவரும் முதல் பதிவை எடுத்தார்கள். 1965-ல் அமெரிக்காவின் ஹார்வி ஃபைகன்பாம், இதய உறையில் சேரும் திரவத்தை இதே ஒலியால் காட்டலாம் என்று நிறுவினார். விபத்துக் காயத்துக்கு எக்கோ வந்து நின்ற வாசல் அதுதான்.

எட்லரும் ஹெர்ட்ஸும் எடுத்த அந்த முதல் பதிவுக்கும் 57 வருஷம் முன்னால், 1896 செப்டம்பரில், பிராங்பர்ட்டில் லுட்விக் ரென் என்ற அறுவை மருத்துவர் கத்திக்குத்துப்பட்ட இளைஞர் ஒருவரின் நெஞ்சைத் திறந்து, துடிக்கும் இதயத்தின் வலது கீழறையைத் தைத்தார். அவர் பிழைத்தார். அப்போது எக்கோ இல்லை, ஈ.சி.ஜி. இல்லை, ரத்த வகைகள்கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. இதை நீ படிக்கும்போது உனக்கு உடம்பு சிலிர்த்தால் மருத்துவம் படி.

எங்கள் பக்கம் ஸ்கேன் மெஷின் என்றாலே சீல் வைப்பது, வழக்கு, கைது என்றுதான் செய்தி. கையடக்க மெஷின்தான் இருக்கிறதே, அதை ஒவ்வொரு 108-லும் வைத்தால் என்ன?
– சமூக ஆர்வலர், பாப்பிரெட்டிப்பட்டி

தருமபுரிக்காரரால்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு வலியோடு கேட்க முடியும்.

அந்தச் சீலுக்கும் வழக்குக்கும் பின்னால் இருக்கும் சட்டம் வானத்திலிருந்து விழவில்லை. பிறந்த பெண் குழந்தைகளைக் கொன்ற மண் இது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதும், 2001-ல் அது தருமபுரிக்கு வந்ததும் அதனால்தான். பிறகு கொலை வயிற்றுக்குள்ளேயே நடக்க ஸ்கேன் மெஷின் வழி செய்துகொடுத்தது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், எந்த உறுப்பைப் பார்க்க வாங்கிய மெஷின் என்று கேட்பதில்லை. கருவைக் காட்ட முடிகிற எதுவாக இருந்தாலும் பதிவு செய் என்கிறது. இதய எக்கோ மெஷினும் இதில் அடக்கம். சட்டைப் பைக்குள் அடங்கும் மெஷின் கணக்கில்லாமல் ஊர் சுற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதை இந்த மாவட்டம் அறியும். அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லி நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

ஆனால் சட்டம் கேசுவாலிட்டியில் மெஷின் வைக்காதே என்று சொல்லவில்லை. பதிவு செய், இடத்தைச் சொல், கணக்கு வை என்றுதான் சொல்கிறது. நெடுஞ்சாலை ஓரம் விபத்துக்காரர்களைச் சேர்க்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும், கேசுவாலிட்டி படுக்கைக்குப் பக்கத்திலேயே, முறையாகப் பதிவான ஒரு மெஷின் நிற்க வேண்டும். பூட்டிய ஸ்கேன் அறைக்குள் நின்று, சாவி வீட்டுக்குப் போய்விட்ட மெஷினால் நள்ளிரவில் வருகிறவருக்கு ஒரு பயனும் இல்லை. ஓடும் 108-ல் அது இல்லாததைவிட, போய்ச் சேர்ந்த இடத்தில் அது கைக்கு எட்டாதிருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

கிரிக்கெட் பந்து நெஞ்சில் பட்டு ஒரு பையன் அப்படியே சாய்ந்தான் என்று படித்தேன். உடனே எக்கோவுக்கு ஓட வேண்டுமா?
– உடற்கல்வி ஆசிரியர், அரூர்

ஓடாதீர்கள். அங்கேயே மண்டியிட்டு நெஞ்சை அழுத்துங்கள். துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடித்துணுக்கில் பந்து நேராக இதயத்துக்கு மேல் பட்டால், எந்தக் கிழிசலும் இல்லாமலேயே இதயத்தின் மின்னோட்டம் குலைந்து துடிப்பு நின்றுவிடும். எக்கோ எடுத்தால் இதயம் முழுசாகத்தான் இருக்கும். பையனைக் காப்பாற்றுவது, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தும் உங்கள் கையும், மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவியும்தான். 2023 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாமர் ஹாம்லின் ஆட்டத்தின் நடுவே இப்படித்தான் விழுந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள்; அதே ஆண்டில் மறுபடி ஆட வந்துவிட்டார்.

புளியமரத்திலிருந்து விழுந்த என் சித்தப்பாவுக்கு, தொண்டை வழியாகக் குழாய் விட்டு எக்கோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். நெஞ்சுக்கு மேலேயே எடுத்தால் தெரியாதா?
– விவசாயி, பென்னாகரம்

எல்லாம் தெரியாது. உயரத்திலிருந்து விழும்போது உடம்பு நின்றுவிடும், மகாதமனி ஒரு கணம் முன்னோக்கியே போகும். இடது கைக்கு ரத்தக் குழாய் பிரியும் இடத்தைத் தாண்டியதும் அது முதுகோடு கட்டுண்டிருக்கிறது. கிழிவது பெரும்பாலும் அங்கே. நுரையீரல் காற்று நடுவில் இருப்பதால் நெஞ்சின் மேலிருந்து அந்த இடம் சரியாகப் பிடிபடாது. உணவுக்குழாய் மகாதமனியை ஒட்டி இறங்குவதால் அதற்குள்ளிருந்து பார்த்தால் வால்வும் குழாயும் துல்லியமாகத் தெரியும். பிரஷர் நிலையாக இருந்தால் பெரும்பாலும் சி.டி. ஸ்கேனே போதும். கழுத்தெலும்பில் அடி இருக்கிறதா என்று பார்த்த பிறகு குழாய் விடுகிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

பைக்கில் விழுந்த கணவர் மூன்று நாளில் வீடு திரும்பிவிட்டார். இப்போது பத்து நாளாகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. சத்துக் குறைவா?
– குடும்பத் தலைவி, பாலக்கோடு

இல்லை அம்மா, இன்றைக்கே கூட்டிப்போய் எக்கோ எடுங்கள். அடிபட்ட அன்று கன்றியிருந்த தசை சில நாள் கழித்து நைந்து, இரண்டு கீழறைக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை விழலாம். வால்வைப் பிடித்திருக்கும் நாண் அறுந்திருக்கலாம். இதய உறையில் பிந்தி நீர் கோக்கலாம். வலது பக்கத்து மூவிதழ் வால்வு கிழிந்தவர்கள் வருஷக் கணக்கில் ஒன்றும் தெரியாமல் நடமாடியதும் உண்டு. டாக்டரிடம் மூச்சு வாங்குவதை மட்டும் சொல்லாமல், நெஞ்சில் அடிபட்டதையும் தேதியோடு சொல்லுங்கள். இல்லையென்றால் அவர் வேறு நோயைத் தேடப் போய்விடுவார்.

வடநாட்டு லாரிக்காரர் நம் ஊரில் அடிபட்டால் செலவு யார் தருவது?
– தேநீர்க் கடைக்காரர், தொப்பூர்

தமிழ்நாடு அரசு. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும், எந்த மாநிலத்தவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். தூக்கி வந்து சேர்த்த உங்களைப் போலீஸ் இழுத்தடிக்கக் கூடாது என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பும் தருகிறது. கடையை யாரிடமாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தயங்காமல் தூக்குங்கள்.

மகன் எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறான். இந்த எக்கோவை அவன் கற்றுக்கொள்ள முடியுமா, இதய நிபுணரானால்தானா?
– தலைமை ஆசிரியர் (ஓய்வு), தருமபுரி

இப்போதே முடியும், ஐயா. வால்வின் அளவைக் கணக்கிட நிபுணர் வேண்டும். கருப்புப் பட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க, சரியான வழிகாட்டியோடு பல பேருக்கு ப்ரோப் வைத்துப் பழகிய ஒரு டாக்டர் போதும். முதலில் அடிபடாத இதயங்களை நிறையப் பார்க்கச் சொல்லுங்கள். இதயத்துக்கு முன்னால் இருக்கிற கொழுப்பும் கருப்பாகத் தெரிந்து ஏமாற்றும். நூறு நல்ல இதயத்தைப் பார்த்தவன் அதில் ஏமாற மாட்டான். பார்த்ததைக் கேஸ் தாளில் நேரத்தோடு எழுதிவைக்கச் சொல்லுங்கள். பிரஷர் மறுபடி இறங்கினால் மறுபடி ப்ரோப் வைக்கச் சொல்லுங்கள். திரையில் தெரிவது புரியவில்லையென்றால், வெட்கப்படாமல் அந்த நேரத்திலேயே சீனியரை எழுப்பச் சொல்லுங்கள்.